முன் சீட்டில் ஒரு பெண்!
வியட்நாம் கிராமங்களைச் சுற்றிக் காட்டும் ஜீப் பயணம்

காலை 8 மணி.

வியட்நாம் நாட்டின் தலைநகரான ஹனாயில் ஒரு பழைய தெரு. விடுதி வாசலில் வெளிநாட்டுப் பயணிகள் மூன்று பேர் காத்து நிற்கிறார்கள்.

கடகடவென்று சத்தம் கேட்கிறது. பச்சை நிற ஜீப் ஒன்று வந்து நிற்கிறது. அதற்குக் கூரை இல்லை. கதவும் இல்லை. பட்டாளத்து வண்டி!

முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். தலையில் கூம்பு வடிவ ஓலைத் தொப்பி. வயது 25 இருக்கும்.

"வழிகாட்டி எங்கே?" என்று பயணிகள் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"நான்தான் வழிகாட்டி! ஏறுங்கள், வெயிலுக்கு முன் புறப்படலாம்" என்கிறாள் அவள்.

ஹனாயில் இப்படிப் பெண்கள் முன்னின்று நடத்தும் ஜீப் பயணங்கள் உண்டு. நகரத்தைத் தாண்டி, செந்நதியைத் தாண்டி, கிராமங்களுக்கு விருந்தாளிகளை அழைத்துப் போகிறார்கள். வயல், குயவர் வீடு, கோவில், சந்தை எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்.

ஸ்டியரிங் பிடிப்பவர் ஆணாக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஆனால் எங்கே போவது, எங்கே நிற்பது, யார் வீட்டில் நுழைவது என்று முடிவு செய்பவள் இந்தப் பெண்தான்.

பயம் கொடுத்த வண்டி

ஜீப் பிறந்ததே போருக்காகத்தான். இரண்டாவது உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. சேறு, மணல், மேடு, பள்ளம் எதையும் அது பார்க்காது.

பிறகு வியட்நாமில் போர் மூண்டது. அமெரிக்கச் சிப்பாய்கள் புது மாதிரி ஜீப்புகளில் வந்தார்கள். அந்த ஜீப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகமாக வளைத்தால் கவிழ்ந்துவிடும்! வடக்கே இருந்த படைக்குச் சோவியத் நாட்டு வண்டிகள் வந்தன.

கிராமத்தில் ஜீப் சத்தம் கேட்டால் தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய காலம் அது.

1975-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி போர் முடிந்தது. தென் வியட்நாமின் கடைசி ஜனாதிபதி துவோங் வான் மின், சைகோன் நகர வானொலி நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கிருந்து சரணடையும் செய்தியை அறிவித்தார். அவர் சென்ற வண்டியும் ஒரு ஜீப்தான். அதை இன்றும் சைகோன் அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நகரத்துக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர்.

போருக்குப் பின் மிஞ்சிய வண்டிகளில் சிலவற்றைப் பழுது பார்த்தார்கள். வண்ணம் பூசினார்கள். இன்று அவை உல்லாசப் பயணிகளைச் சுமக்கின்றன.

இருட்டில் லாரி ஓட்டியவர்கள்

"பட்டாளத்து வண்டியில் பெண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். வியட்நாமில் இது புதிதல்ல.

கி.பி. 40-ம் ஆண்டில், சீன ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்கள் ட்ருங் சகோதரிகள் என்ற அக்காளும் தங்கையும். மூன்று ஆண்டுகள் நாட்டை ஆண்டார்கள். யானை மேல் ஏறிப் போருக்குப் போனார்கள் என்று அவர்கள் கதை சொல்லப்படுகிறது. ஹனாயில் ஒரு பெரிய தெருவுக்கு அவர்கள் பெயர்தான்.

ஆனால் அதே நாட்டில், "பெண் முதலில் தகப்பனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், பிறகு கணவனுக்கு, அதற்குப் பிறகு மகனுக்கு" என்ற பழைய விதியும் இருந்தது. சீனத்து முனிவர் கன்பூசியஸ் வழி வந்த விதி அது. கும்பிட்டது வீராங்கனையை, வீட்டில் சொன்னது கீழ்ப்படிதலை!

போர் வந்தபோது அந்த விதி தளர்ந்தது.

1968-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு லாரிப் படை வடக்கே தொடங்கப்பட்டது. சுமார் 40 பேர். பெரும்பாலும் 18, 20 வயதுப் பெண்கள். நுயென் தி ஹான் என்ற வீராங்கனையின் பெயர் அந்தப் படைக்கு வைக்கப்பட்டது.

அவர்கள் ஓட்டிய வழி ட்ருவோங் சோன் மலைப்பாதை. ஹோ சி மின் பாதை என்று உலகம் அறிந்த வழி அதுதான். மேலே குண்டு போடும் விமானங்கள். ஆகவே இரவில்தான் ஓட்ட வேண்டும். விளக்கையும் மறைத்துக்கொள்ள வேண்டும். போகும்போது அரிசியும் ஆயுதமும், திரும்பும்போது காயம்பட்டவர்களும் அந்த லாரிகளில் இருந்தார்கள்.

இன்று ஜீப்பில் வரும் பெண்ணுக்கு அவர்கள் பாட்டி முறை. பாட்டி குண்டுக்கு நடுவே ஓட்டினார். பேத்தி கேமராக்களுக்கு நடுவே போகிறாள்!

சும்மா வருவதில்லை இந்த வேலை

வெளிநாட்டாருக்கு வழிகாட்ட வேண்டுமானால் வியட்நாமில் அதற்கென ஓர் அட்டை வேண்டும். 2018-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டம் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. கல்லூரிப் படிப்பு வேண்டும். வழிகாட்டும் தொழிலில் பயிற்சி வேண்டும். அயல்மொழியும் நன்றாகத் தெரிய வேண்டும்.

படித்த பெண் ஆபீசில் உட்கார்ந்தால் நிழல் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. இவளுக்கோ வெயிலும் தூசியும்! அன்னியர்களோடு நாள் முழுவதும் சுற்றுகிறாளே என்று ஊரில் தாய்க்குக் கவலை வேறு.

அப்படியும் ஏன் இந்த வேலை? பேசும் பெண்ணுக்கு நாற்காலி ஒரு சிறைதான்! பிடித்த வேலையில் காசும் வருகிறது. தம்பியின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் அந்தக் காசு உதவுகிறது.

சரி, ஜீப் புறப்படட்டும். வாசகர்களும் மனத்தால் ஏறிக்கொள்ளலாம்.

குண்டு தின்ற பாலம்

கொஞ்ச நேரத்தில் ஆறு தெரிகிறது. செம்மண் கலந்த தண்ணீர். அதனால்தான் செந்நதி என்று பெயர்.

ஆற்றின் மேல் நீளமான ஒரு பழைய இரும்புப் பாலம். அதுதான் லோங் பியன் பாலம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1899-ல் தொடங்கி 1902-ல் கட்டி முடித்தார்கள். நீளம் சுமார் 1,700 மீட்டர். அதில் ரெயில் போகலாம், மோட்டார் சைக்கிள் போகலாம், நடந்தும் போகலாம். கார், ஜீப் போக முடியாது. பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தில்தான் ஜீப் போகிறது.

வழிகாட்டிப் பெண் கை நீட்டிக் காட்டுகிறாள். பழைய பாலத்தின் மேல் மலை போல் எழும்பும் இரும்பு வளைவுகள் சில இடங்களில் இருக்கின்றன, சில இடங்களில் இல்லை. பல் விழுந்த வாய் போல் தெரிகிறது!

1967-லும் 1972-லும் அமெரிக்க விமானங்கள் இந்தப் பாலத்தைக் குறி வைத்துத் தாக்கின. உடைந்ததைச் சரி செய்தார்கள். மறுபடியும் உடைந்தது. மறுபடியும் சரி செய்தார்கள். பழைய வளைவுகள் போன இடத்தில் சாதாரண இரும்புத் தளம் போட்டார்கள். ஊர் சோறு தின்ன வேண்டும் என்றால் பாலம் நிற்க வேண்டுமே!

சில நாள், வண்டியில் இருக்கும் விருந்தாளி ஒரு முன்னாள் அமெரிக்கச் சிப்பாயாகவும் இருப்பார். 20 வயதில் இதே மாதிரி ஜீப்பில் உட்கார்ந்தவர், முதிய வயதில் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் இந்தப் பெண்ணின் வேலை கடினமாகிறது. நடந்ததை மறைக்கவும் கூடாது. விருந்தாளியின் முகத்தில் அறைவது போல் சொல்லவும் கூடாது. பாலத்தைக் காட்டுகிறாள். ஆண்டைச் சொல்கிறாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறாள்.

"உங்கள் வயது என்ன?"

பாலம் தாண்டியதும் ஆற்றங்கரை மேல் போகும் சாலை. ஒரு பக்கம் வாழைத் தோட்டம். மறுபக்கம் காய்கறிப் பாத்தி, நெல் வயல். வயலுக்கு நடுவே கல்லறைகள்! முன்னோர்களை வயலிலேயே புதைப்பது அங்கே பழைய வழக்கம். உழுத நிலத்தை விட்டு அவர்கள் போவதில்லை.

இந்த நேரத்தில் பயணிகளிடம் அவள் ஒரு கேள்வி கேட்கிறாள்:

"உங்கள் ஒவ்வொருவருக்கும் வயது என்ன?"

வெளிநாட்டு அம்மாள் திடுக்கிடுகிறார். அவர் ஊரில் பெண்களிடம் வயது கேட்பது மரியாதை இல்லை!

அவள் விளக்குகிறாள். வியட்நாமிய மொழியில் எல்லோரையும் "நீங்கள்" என்று பொதுவாக அழைக்க முடியாது. மூத்தவள் என்றால் "சி", அதாவது அக்கா. மூத்தவன் என்றால் "ஆன்", அண்ணன். இளையவர் என்றால் "எம்". பாட்டிக்கு "பா". தாத்தாவுக்கு "ஓங்". வயது தெரியாமல் வாயைத் திறக்கவே முடியாது!

அது மட்டுமல்ல. பேசுகிறவர் தம்மைச் சொல்லும் சொல்லும் மாறிவிடும். பாட்டியிடம் போனால் "நான் வந்தேன்" என்று சொல்ல மாட்டாள். "பேத்தி வந்தேன்" என்பாள்.

தெருவில் போகிறவரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. மேல்நாட்டு விருந்தாளிகளுக்கோ இது பெரிய விந்தை.

ஜீப் ஒரு கிராமத்துச் சந்தில் நிற்கிறது. அதற்கு மேல் வண்டி போகாது. சுவர் ஓரமாக ஒரு பாட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

"பா! பேத்தி வந்திருக்கிறேன். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். உள்ளே வரலாமா?" என்று கேட்கிறாள் அவள். பாட்டி தலையை அசைக்கிறார். பிறகுதான் எல்லோரும் காலணியைக் கழற்றுகிறார்கள்.

ஜீப் சந்து வரைதான் கொண்டு வரும். வீட்டுக்குள் கொண்டு போவது "பா" என்ற அந்த ஒரு சொல்தான்.

பாட்டி வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டுகிறார். வெற்றிலையில்தான் பேச்சு தொடங்கும் என்பது வியட்நாமியப் பழமொழி. கல்யாணச் சீரிலும் வெற்றிலை பாக்கு உண்டு. மிக முதிய பாட்டிகள் சிலருக்குப் பல் கருகருவென்று இருக்கும். அந்தக் காலத்தில் பல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக்கொள்வதுதான் அழகு!

பாட்டி எதைப் பற்றிப் பேசுகிறார்? பெரும்பாலும் சோற்றைப் பற்றி! 1945-ல் வட வியட்நாமில் கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். போர் முடிந்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் கூப்பன். விடியும் முன்பே வரிசையில் இடம் பிடிக்க ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்களாம்.

1986-ல் அரசு தன் கொள்கையை மாற்றியது. விளைச்சலை விற்கும் உரிமை விவசாயிக்குக் கிடைத்தது. 1989-ல் வியட்நாம் வெளிநாட்டுக்கே அரிசி அனுப்பத் தொடங்கிவிட்டது. இன்று உலகில் மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் அதுவும் ஒன்று.

புத்தகத்தில் இருக்கும் செய்திதான் இது. ஆனால் கூப்பனோடு வரிசையில் நின்றவர் வாயால் கேட்கும்போது அதன் எடை வேறு. பாட்டி பேச, பேத்தி மொழிபெயர்க்கிறாள். சமையலறை வரை போய், மீன் குழம்பின் மணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

சக்கரம் சுற்றும் ஊர்

அடுத்து பாட் ட்ராங். செந்நதிக் கரையில் உள்ள குயவர் ஊர். 600 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மண்பாண்டத் தொழில் நடக்கிறது.

முன்பு நிலக்கரிச் சூளைதான். வீட்டுச் சுவர் முழுவதும் நிலக்கரி வரட்டி தட்டிக் காய வைத்திருப்பார்கள், சாண வரட்டி போல! ஊரே புகையாக இருக்கும். இப்போது பெரும்பாலும் கேஸ் சூளை வந்துவிட்டது. சுவரும் வெளுத்தது, மூச்சும் லேசானது.

பயணிகளும் சக்கரத்தில் மண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். கிண்ணம் செய்யப் போனால் தட்டு வருகிறது! பக்கத்தில் இருக்கும் கிழவி சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துத் திருத்துகிறார்.

தமிழர் வீட்டுப் பூஜையறைக்கும் தொடர்பு உண்டு!

வேறு ஒரு நாள் ஜீப் தெற்குப் பக்கம் போகும். ஹனாய்க்குத் தெற்கே குவாங் பூ காவ் என்ற இடத்தில் ஊதுவத்திக் கிராமங்கள் இருக்கின்றன.

மூங்கிலைச் சீவிக் குச்சியாக்கி, நுனியில் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். கட்டுக் கட்டாக விரித்து வெயிலில் காய வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் செந்தாமரை பூத்தது போல் இருக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னோர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றாத வீடு அந்த நாட்டில் குறைவு.

இந்தியாவுக்கும் வியட்நாமிலிருந்து ஊதுவத்தியும் மூங்கில் குச்சியும் ஏராளமாக வந்துகொண்டிருந்தன. உள்நாட்டுத் தொழிலைக் காக்க இந்திய அரசு 2019-ல் ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2020-ல் மூங்கில் குச்சிக்கான வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது.

இங்கே குச்சி சீவுகிறவருக்கு அது நல்ல செய்தி. அங்கே குச்சி சீவுகிறவருக்கு அது இடி. இரண்டு பக்கமும் அந்த வேலையில் பெண்கள் இருக்கிறார்கள்.

விற்பனை குறைந்த ஊருக்குப் பயணிகள் வருவது ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் வருவார்கள், குச்சிகளுக்கு நடுவே நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். வேலை செய்கிறவள் அவர்களுக்கு ஒரு பொம்மை!

நல்ல வழிகாட்டி அதற்கு இடம் கொடுப்பதில்லை. "முதலில் வணக்கம் சொல்லுங்கள். பிறகு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். போகும்போது ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பாள். அவள் நாளைக்கும் அதே வீட்டுக்கு வர வேண்டும். பயணி ஊருக்குப் போய்விடுவார். அவளுக்கு ஊரே அதுதான்.

ஜீப் நின்ற நாட்கள்

இந்தப் பிழைப்புக்கும் சோதனை வந்தது.

2019-ம் ஆண்டில் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 80 லட்சம் பேர். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயால் எல்லைகள் மூடப்பட்டன. 2021-ல் வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்றுக் கூடுதல்தான். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

ஜீப்புகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கின. வழிகாட்டிகளில் பலர் சாப்பாடு செய்து விற்றார்கள். சிலர் கிராமத்துக்கே திரும்பினார்கள். சட்டத்தையும் வரலாற்றையும் மனப்பாடம் செய்து வாங்கிய அட்டை, பெட்டியில் கிடந்தது.

2021-ல் அரசு உதவித்தொகை அறிவித்தது. அட்டை உள்ள வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் 37 லட்சத்து 10 ஆயிரம் டாங். கேட்கும்போது தலை சுற்றும். நம் ரூபாயில் அன்று சுமார் 12 ஆயிரம்தான்! வேலையற்ற மாதங்கள் பல. உதவியோ ஒரே தடவை.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் எல்லைகள் திறந்தன. ஜீப்புகள் கண் விழித்தன.

பிறகு வெள்ளம்! 2024-ம் ஆண்டு செப்டம்பரில் யாகி என்ற புயல் வந்தது. செந்நதியில் 20 ஆண்டுகளாகக் காணாத வெள்ளம். பாலத்துக்குக் கீழே இருந்த வாழைத் தோட்டங்கள் முழுகின. ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. எந்த வாசலில் "பா" என்று கூப்பிட்டார்களோ, அந்த வாசல்களில் சேறு.

விருந்தாளி வரவில்லை என்பதற்காக உறவு அறுந்துவிடுமா? சேறு வாரி, சுவர் காய்ந்து, வாழைக் கன்றும் வைத்தாயிற்று.

2025-ல் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டார் தொகை 2 கோடியைத் தாண்டிவிட்டது. ஜீப்புகளுக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது.

மாலையில்

சூரியன் சாயும் நேரம். ஜீப் திரும்புகிறது. பாலத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசை போல் போகின்றன.

விடுதி வாசலில் விருந்தாளிகள் இறங்குகிறார்கள். கையில் கோணல் மாணலாக ஒரு மண் கிண்ணம். காலையில் வயதைக் கேட்டதும் திடுக்கிட்ட அம்மாள் கொஞ்சம் தயங்கி, "எம், நன்றி" என்கிறார். தங்கச்சி, நன்றி!

"போய் வாருங்கள், சி" என்கிறாள் அவள். போய் வாருங்கள், அக்கா!

அவள் வேலை இன்னும் முடியவில்லை. சீட்டில் இருக்கும் தூசியைத் தட்டுகிறாள். ஓலைத் தொப்பிகளை எண்ணி அடுக்குகிறாள். பிறகு தொலைபேசியை எடுக்கிறாள்.

"பா, நாளைக்கும் பேத்தி வருகிறேன். நான்கு பேர். பத்து மணிக்கு இருப்பீர்களா?"